உடல் இளைத்தாலும் கொழுப்பு மறப்பதில்லை

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடக்கும்போது, நோயாளியின் சம்மதத்தோடு, வயிற்றுக்குள்ளிருந்து பட்டாணி அளவில் ஒரு துண்டு கொழுப்பை ஆய்வுக்கு எடுத்துவைப்பது உண்டு. அதை மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தால் முதலில் தெரிவது சோப்பு நுரை போன்ற ஒரு காட்சி. ஒவ்வொரு குமிழும் ஒரு கொழுப்புச் செல். உள்ளே இருந்த எண்ணெய் ஸ்லைடு தயாரிக்கும்போதே கரைந்து போய்விடுவதால் குமிழ்கள் வெறுமையாக, வெள்ளையாகக் கிடக்கும். செல்லின் கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, விளிம்போடு ஒட்டிய சின்னக் கோடாகத் தெரியும்.

ஸ்லைடை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கண் நிற்கும். ஒரு குமிழைச் சுற்றி நீலப் புள்ளிகள் நெருக்கியடித்து வளையம் கட்டியிருக்கும். நடுவில் இருப்பது செத்துப்போன கொழுப்புச் செல். சுற்றி நிற்பவை மேக்ரோஃபேஜ்கள். கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கித் துப்புரவு செய்கிற நோய் எதிர்ப்புச் செல்கள். இந்த வளையத்துக்கு ஆய்வாளர்கள் ‘கிரீட அமைப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் கிரீடம், பார்த்தால் சாவு வீட்டு வாசலில் கூடிய கூட்டம் போலத்தான் இருக்கும்.

ஒல்லியானவர்களின் கொழுப்பில் இப்படி ஒரு வளையத்தைக் காணத் தேடித் திரிய வேண்டும். கடும் உடல் பருமன் உள்ளவர்களிடம் அந்தச் சிரமமே இல்லை. பருமனுக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு ஸ்லைடைக் காட்டினால் போதும், பாதி விளக்கம் முடிந்துவிடும். மீதிப் பாதிதான் சிக்கலானது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்தக் கூட்டம் கலைகிறதா? கலைந்தால், நடந்ததை அந்தச் செல்கள் மறந்துவிடுகின்றனவா?

கிடங்கு என்று நினைத்திருந்தார்கள்

மிஞ்சிய சாப்பாட்டைச் சேர்த்துவைக்கும் கிடங்கு, குளிருக்கு ஒரு போர்வை. கொழுப்பைப் பற்றி மருத்துவம் நெடுங்காலம் இவ்வளவுதான் நினைத்திருந்தது. 1993-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கோகான் ஹோட்டமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் ஆகியோரின் குழு பருத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற பொருள் மிகுந்திருப்பதைக் கண்டது. அழற்சியை, அதாவது காயத்துக்கும் தொற்றுக்கும் உடம்பு காட்டும் எதிர்வினையை, மூட்டிவிடுகிற சமிக்ஞைப் பொருள் அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பொருளுக்குப் பழைய பெயர் கேக்கெக்டின். புற்றுநோயிலும் நாள்பட்ட தொற்றிலும் ஆளை உருக்கி எலும்பும் தோலுமாக்குவது என்பதால் வந்த பெயர். இளைக்க வைப்பதாகப் பெயர் வாங்கிய பொருள், பருத்த உடம்பின் கொழுப்புக்குள் உட்கார்ந்திருந்தது. அதை முறித்தபோது அந்த எலிகளில் இன்சுலின் மறுபடி ஒழுங்காக வேலை செய்தது. மனிதர்களுக்கு டிஎன்எஃப் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்த முயற்சி அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஒரே ஒரு குற்றவாளியைப் பிடித்து அடைத்தால் தீர்ந்துவிடும் விவகாரமாக இது இருக்கவில்லை.

அடுத்த ஆண்டே, 1994-இல், நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்லே சுரந்து மூளைக்கு அனுப்புகிற ஹார்மோன் அது. கையிருப்பு எவ்வளவு என்று சொல்லியனுப்பும் சீட்டு மாதிரி. 2003-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இன்னொன்றைச் சொன்னார்கள்: பருமன் கூடக்கூட கொழுப்புத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ்கள் குவிகின்றன. ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் இந்தச் செல்கள், பருத்தவர்களிடம் 40 விழுக்காட்டை நெருங்கக்கூடும். அதற்குப் பிறகு கொழுப்பைக் கிடங்கு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஏன் குவிகின்றன? எனக்கு நம்பத்தகுந்ததாகத் தெரிவது அளவு சார்ந்த விளக்கம். பெரியவர்களிடம் எடை ஏறும்போது பெரும்பாலும் இருக்கிற கொழுப்புச் செல்களே ஊதுகின்றன. நன்றாக ஊதிய செல் ஒன்று தலைமுடியின் தடிமனைத் தாண்டி, 100 மைக்ரோமீட்டருக்கு மேல் போய்விடும். ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் கசிந்து பரவக்கூடிய தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இழுத்துக் கட்டிய பலூன் போல் சவ்வு விறைத்து, உள்ளே எண்ணெய் நிரம்பி, செல் திணறுகிறது. தன் திணறலைச் சுற்றுப்புறத்துக்குச் சமிக்ஞைகளால் அறிவிக்கிறது. சில செல்கள் செத்துப்போகின்றன. துப்புரவுக்கு வரும் மேக்ரோஃபேஜோ 20 மைக்ரோமீட்டர்தான். ஐந்து மடங்கு அகலமுள்ள உருண்டை என்றால் கொள்ளளவில் நூறு மடங்குக்கும் மேல். விழுங்க வாய் கொள்ளாது. அதனால் சுற்றி நின்று, செரிக்கும் நொதிகளை வெளியே உமிழ்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அந்த வேலை ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. முடியும்வரை அங்கே அழற்சிச் சமிக்ஞைகள் ஓய்வதில்லை.

அந்தச் சமிக்ஞைகளில் ஒன்றான ஐஎல்-6 ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் பதிலுக்கு சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் சிஆர்பி என்று வருவது அதுதான். நிமோனியா மாதிரி பெரிய தொற்று வந்தால் இது லிட்டருக்கு 100 மில்லிகிராமைச் சாதாரணமாகத் தாண்டும். நோய் தீர்ந்ததும் இறங்கிவிடும். கடும் பருமனில் அப்படித் தாண்டுவதில்லை. பெரும்பாலும் 3-க்கும் 10-க்கும் நடுவில், சில சமயம் கொஞ்சம் மேலே, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நீறு பூத்த நெருப்பு என்று தமிழில் சொல்வோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

எரிந்துகொண்டே இருப்பது வலிமை ஆகாது

இந்த இடத்தில் நியாயமாக ஒரு சந்தேகம் வரும். எதிர்ப்பு மண்டலம் இப்படி எந்நேரமும் விழித்திருந்தால் கிருமிகளுக்கு எதிராக அது இன்னும் வலுவாகத்தானே இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. 2009-இல் எச்1என்1 இன்ஃப்ளுயன்சா பரவியபோதுதான், கடும் பருமன் தன்னளவிலேயே நோய் முற்றுவதற்கான காரணம் என்பது பரவலாகக் கவனத்துக்கு வந்தது. கோவிட் காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது மறுபடி தெரிந்தது.

தடுப்பூசியிலும் இதே கதை. இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி போட்ட ஒரு மாதத்தில் பருமன் உள்ளவர்களிடமும் ஆன்டிபாடி நன்றாகவே ஏறுகிறது. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் அவர்களிடம் அது வேகமாகக் கரைந்திருக்கிறது என்று 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஊசி போட்டோமா என்பதோடு எத்தனை நாள் தாங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இதில் சாதாரணமான இயந்திரச் சிக்கல் ஒன்றும் உண்டு. தசைக்குள் போக வேண்டிய மருந்து கொழுப்புக்குள் போய்விட்டால் தடுப்பூசி சரியாக எடுக்காது. 1980-களில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைப் பிட்டத்தில் போட்டவர்களிடம் எதிர்ப்பு சரியாக உருவாகாததற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு கைத்தசைக்கு மாறினார்கள். இன்றைக்கும் எடை மிகுந்தவர்களுக்கு ஒன்றரை அங்குல நீள ஊசி வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. இது தெரியாத செவிலியர் கையில் கிடைத்த சாதாரண ஊசியால் போட்டுவிட்டால், பழி கடைசியில் நோயாளியின் உடம்பின் மேல் விழும்.

செல்களின் அளவில் என்ன நடக்கிறது என்பதற்கு 2018-இல் லிடியா லிஞ்ச் குழு காட்டிய காட்சி மறக்க முடியாதது. இயற்கைக் கொல்லிச் செல்கள் என்று ஒரு வகை உண்டு. வைரஸ் தொற்றிய செல்களையும் புற்றுச் செல்களையும் அடையாளம் கண்டு கொல்வது அவற்றின் வேலை. பருமனில் இந்தச் செல்களுக்குள்ளேயே கொழுப்பு நிரம்பிவிடுகிறது. எதிரியைக் கண்டுபிடிக்கின்றன, போய் ஒட்டிக்கொள்ளவும் செய்கின்றன. ஆனால் உள்ளே இருக்கும் நச்சுப் பொட்டலத்தைத் தொடும் இடத்துக்கு நகர்த்தி வெளியே தள்ளச் சக்தி இல்லை. துப்பாக்கி கையில் இருக்கிறது, விசையை இழுக்க விரல் வரவில்லை. அதிகக் கொழுப்போடு 13 வகைப் புற்றுநோய்களுக்குத் தொடர்பு இருப்பதாக 2016-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னதற்குப் பின்னால் ஹார்மோன், இன்சுலின் எனப் பல காரணங்கள் இருக்கின்றன. காவலில் விழுந்த இந்த ஓட்டையும் அவற்றில் ஒன்றாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

லெப்டின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பட்டினி கிடக்கும் எலியிடம் லெப்டின் விழுந்துவிடும், கூடவே டி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களின் எதிர்ப்பும் விழும். லெப்டினை மட்டும் ஊசியாகக் கொடுத்தால் எதிர்ப்பு மீள்கிறது என்று 1998-இல் காட்டினார்கள். ஆக, உடம்பு தன் காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் முன் கையிருப்பைப் பார்க்கிறது. கையிருப்பு காலியானாலும் காவல் கெடும், களஞ்சியம் பிதுங்கினாலும் கெடும். எதிர்ப்பு சக்தியை ‘ஏற்றுவதாக’ச் சொல்லிப் பொடியும் சூரணமும் விற்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க மாட்டார்கள் என்று தெரியும். ஏற்றுவதோ இறக்குவதோ இங்கே கேள்வியே இல்லை. மூட்ட வேண்டிய நேரத்தில் மூண்டு, அணைய வேண்டிய நேரத்தில் அணைகிறதா என்பதுதான் கேள்வி.

கத்தி எங்கே படுகிறது

கடும் பருமன் என்றால் எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 109 கிலோ இருந்தால் அது 40. இந்த 40, அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற துணை நோய்களோடு 35 என்பதுதான் 1991 முதல் அறுவை சிகிச்சைக்கான வரம்பாக இருந்தது. 2022-இல் அமெரிக்க, சர்வதேச அறுவை மருத்துவச் சங்கங்கள் இதைத் தளர்த்தின: 35 இருந்தால் துணை நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம்; ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம். அதே 2022-இல் உலகில் 89 கோடிக்கும் அதிகமான பெரியவர்கள் பருமனோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிஎம்ஐ ஒரு முரட்டு அளவுகோல்; கொழுப்புச் செல் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆனாலும் எடைமெஷினும் டேப்பும் போதும் என்பதால் அது பிழைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த அறுவை சிகிச்சையின் வரலாற்றில், எதிர்ப்பு மண்டலம் ஆரம்பத்திலேயே ஒரு பாடம் கற்பித்தது. 1954-இல் மினசோட்டாவில் அறிமுகமான முதல் முறை, சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து ஒதுக்கிவிட்டு முனைகளை நேராக இணைப்பது. எடை மளமளவென்று இறங்கியது. ஆனால் ஒதுக்கப்பட்ட குடல் ஒரு முட்டுச்சந்தாகிவிட்டது. அதில் பாக்டீரியா பெருகியது. அவற்றுக்கு எதிராக உருவான ஆன்டிபாடிகள் பாக்டீரியப் பொருள்களோடு பிணைந்து ரத்தத்தில் மிதந்து, மூட்டுகளிலும் தோலிலும் போய்ப் படிந்தன. எடை குறைந்தவர்களுக்கு மூட்டு வீங்கியது, தோலில் கொப்புளம் கிளம்பியது. கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாயின. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. குடலைத் தொட்டால் எதிர்ப்பு மண்டலத்தையும் தொட்டாயிற்று என்பதை அன்றைய நோயாளிகள் தங்கள் மூட்டுகளால் கற்றுக்கொண்டார்கள்.

இன்று அந்த முறை கைவிடப்பட்டுவிட்டது. 1966-இல் ஐயோவாவில் எட்வர்ட் மேசனும் சிகாஷி இட்டோவும் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார்கள். அல்சருக்காக இரைப்பையில் பாதியை இழந்தவர்கள் மறுபடி எடை போடத் திணறுவதைக் கவனித்ததில் வந்த யோசனை. இப்போது செய்யப்படும் வடிவத்தில், இரைப்பையின் மேல் முனையில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கிறார்கள். உலகில் இன்று அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ்: ஸ்டேப்ளரை நெடுக வைத்து இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டியெடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவிடுவது. குடலில் கை வைப்பதில்லை. இரண்டையுமே லேப்ராஸ்கோப்பி வழியாக, சில சின்னத் துளைகளில் முடித்துவிடுகிறார்கள்.

‘எடைக் குறைப்பு’ என்ற பெயரே ஆளைத் திசைதிருப்புகிறது. கொழுப்பை இந்தச் சிகிச்சையில் யாரும் வெட்டியெடுப்பதில்லை. வயிறு சின்னதாகிவிட்டதால் சாப்பாடு குறைகிறது என்பது பாதி உண்மை. குடலின் கீழ்ப்பகுதிக்கு உணவு சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் பலமடங்கு சுரக்கிறது. ஸ்லீவில் பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதியே போய்விடுகிறது. பித்த அமிலங்களின் ஓட்டம் மாறுகிறது. அவற்றை உணரும் வாங்கிகள் மேக்ரோஃபேஜ்களிலேயே இருக்கின்றன. குடல் பாக்டீரியாக் கூட்டத்தின் சேர்க்கையும் மாறுகிறது. பைபாஸ் செய்த எலியின் குடல் நுண்ணுயிர்களைக் கிருமியற்ற எலிக்கு மாற்றினால், அறுவை சிகிச்சையே இல்லாமல் அதுவும் இளைக்கிறது என்று 2013-இல் காட்டினார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு எடை பெரிதாக இறங்கும் முன்பே, சில நாள்களில் சர்க்கரை கட்டுக்குள் வருவதை 1995-இல் வால்டர் போரிஸ் எழுதியபோது அவரே அதை நம்ப முடியாத தொனியில்தான் எழுதினார். முதல் வாரத்தில் ஏறக்குறைய பட்டினி என்பதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் ஆகாது.

பத்து கிலோவை உறிஞ்சி எடுத்தும்

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த சோதனை 2004-இல் வெளியானது. அழற்சிக்குக் காரணம் கொழுப்பின் அளவுதான் என்றால், கொழுப்பை நேரடியாக உறிஞ்சி எடுத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா? செயின்ட் லூயிஸில் சாமுவேல் கிளைனின் குழு பருமனுள்ள 15 பெண்களுக்கு லிபோசக்‌ஷன் மூலம் வயிற்றுத் தோலடிக் கொழுப்பை ஆளுக்குச் சுமார் பத்து கிலோ எடுத்தது. மூன்று மாதம் கழித்து சிஆர்பி, ஐஎல்-6, டிஎன்எஃப், இன்சுலின் செயல்பாடு எல்லாவற்றையும் அளந்தார்கள். ஒன்றும் அசையவில்லை. பத்து கிலோ போயிருக்கிறது, ரத்தத்துக்கு அது தெரியவே இல்லை.

ஏனென்றால் மிச்சமிருந்த கொழுப்புச் செல்கள் அப்படியே ஊதிய நிலையில், திணறியபடியேதான் இருந்தன. கூட்டத்தில் சிலரை வெளியேற்றினால் மற்றவர்களின் மூச்சுத்திணறல் போய்விடுவதில்லை. லிபோசக்‌ஷன் செல்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, மிச்சமிருப்பவற்றின் நிலைமையை மாற்றுவதில்லை. பட்டினியும் அறுவை சிகிச்சையும் எண்ணிக்கையைத் தொடாமல் ஒவ்வொரு செல்லையும் சுருக்குகின்றன. பாரிஸில் கரீன் கிளெமோன் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் செய்த மூன்றே மாதத்தில் அதே ஆள்களின் கொழுப்பில் மேக்ரோஃபேஜ்கள் குறைந்திருந்தன. கிரீட வளையங்களும் அருகியிருந்தன.

பாதை நேர்க்கோடாக இறங்குவதில்லை. அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று நாள்களில் சிஆர்பி எகிறும்; அது வெட்டுக்காயத்துக்கான இயல்பான எதிர்வினை. மூன்றாம் நாளிலும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஸ்டேப்ளர் போட்ட இடத்தில் கசிவு இருக்கிறதோ என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். அடுத்து, எடை வேகமாக இறங்கும் வாரங்களில் செல்களிலிருந்து கொழுப்பு ஆறாக வெளியேறும். அந்த ஓட்டமே மேக்ரோஃபேஜ்களை இழுக்கும் என்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். குறைவதற்கு முன் கொஞ்ச காலம் கூடுகிறது. அதன் பிறகுதான் அமைதி. ஓர் ஆண்டில் சிஆர்பி பாதிக்கும் கீழே போவது சாதாரணம். வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் இறங்குகிறது.

கோவிட் இந்த அமைதிக்கு ஒரு பரீட்சை வைத்தது. கிளீவ்லாந்து கிளினிக்கில், முன்பே அறுவை சிகிச்சை செய்துகொண்டு எடை குறைத்திருந்த சுமார் 5,000 பேரையும், அதே மாதிரிப் பருமனோடு சிகிச்சை இல்லாமல் இருந்த அதைப் போல் மூன்று மடங்குப் பேரையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்டார்கள். தொற்று வந்த விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் வந்த பிறகு மருத்துவமனையில் சேர வேண்டிய ஆபத்து 49 விழுக்காடும், ஆக்சிஜன் தேவைப்படுவது 63 விழுக்காடும், நோய் முற்றுவது 60 விழுக்காடும் குறைவாக இருந்தது. கிருமி உள்ளே நுழைவதை யாரும் தடுக்கவில்லை, நுழைந்த பிறகு வீடு பற்றி எரியவில்லை. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை; அறுவை சிகிச்சைக்கு வரக்கூடியவர்கள் கொஞ்சம் வசதியும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் 1987-இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டின் நீண்ட ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. அங்கே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம் குறைந்தது. பெண்களிடம் புற்றுநோய் 42 விழுக்காடு குறைந்தது. ஆண்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. டென்மார்க்கில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களிடம், எதிர்ப்பு மண்டலம் மூட்டிவிடும் தோல் நோயான சொரியாசிஸ் வருவது குறைந்தது; இரைப்பையில் வெறும் வளையம் மாட்டிக்கொண்டவர்களிடம் குறையவில்லை. எடையை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்குவது கடினம்.

அணைத்த நெருப்புக்குக் கொடுக்கும் விலை

உடம்பின் காவலர்களும் சாப்பிட்டுத்தான் வாழ வேண்டும். ஆன்டிபாடி என்பதே புரதம். முப்பது மில்லி பையில் அன்றாடம் 60 கிராம் புரதத்தைச் சேர்ப்பது முதல் சில மாதங்களில் பெரும்பாடு. பைபாஸில் சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிவிடுவதால் இரும்பு, துத்தநாகம், செம்பு ஆகியவை ஏறும் வாசலே மூடப்பட்டுவிடுகிறது. செம்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அது குறைந்தால் ரத்தசோகையோடு நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளையணுக்களும் சரியும். கால் மரத்து நடை தடுமாறும். இதில் ஒரு பொறி இருக்கிறது: முடி கொட்டுகிறதே என்று சுயமாகத் துத்தநாக மாத்திரையை அதிகமாகப் போட்டுக்கொண்டால், அதுவே செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடும். எதிர்ப்புக்காக விழுங்கிய மாத்திரை எதிர்ப்புச் செல்களையே குறைத்த கதைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

வைட்டமின் பி12 இன்னும் தந்திரமானது. கல்லீரலில் பல வருடங்களுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால், மாத்திரையை விட்ட முதல் ஆண்டில் ஒன்றுமே தெரியாது. தைரியம் வந்து முழுக்க விட்டுவிடுவார்கள். மூன்றாம் நான்காம் ஆண்டில் நாக்கு சிவந்து, விரல் நுனி மரத்துப்போகும்போது அறுவை சிகிச்சையோடு அதை முடிச்சுப் போடத் தோன்றாது. வைட்டமின் பி1 எனப்படும் தயாமின் இதற்கு நேர் எதிர்: விடாமல் வாந்தி இருந்தால் சில வாரங்களிலேயே தீர்ந்து மூளையைப் பாதிக்கும். வாழ்நாள் முழுவதும் மாத்திரை, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, கால்சியத்தையும் இரும்பையும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளியில் விழுங்குவது எனப் போகும் இந்த ஒழுங்கை, ஆபரேஷனுக்கு முன் நடக்கும் பேச்சில் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அரை மணி நேரம் பேச வேண்டிய பகுதி அதுதான்.

அதே ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்து எடையைக் குறைக்கும் ஊசிகள் வந்த பிறகு கத்தியே வேண்டாமே என்ற பேச்சும் இருக்கிறது. செமாக்ளுடைடை வைத்து 2023-இல் முடிந்த பெரிய இதய ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 விழுக்காடு குறைந்தன. சிஆர்பியும் கணிசமாக இறங்கியது. ஆக அழற்சி தணிவது கத்தியின் தனிச்சொத்து இல்லை. ஆனால் இன்னொரு ஆய்வில், ஊசியை நிறுத்திய ஓர் ஆண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஏன் இவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது? வாயைக் கட்டத் தெரியவில்லை என்று அக்கம்பக்கம் சொல்லும். செல்கள் வேறு சொல்கின்றன.

2008-இல் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் சகாக்களும் விசித்திரமான ஒரு கடிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14, அப்போது பிறந்த செல்களின் டிஎன்ஏவில் பதிந்திருக்கும். அதை அளந்தால் செல்லின் வயது தெரியும். ஆண்டுக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு கொழுப்புச் செல்கள் செத்து, அதே எண்ணிக்கையில் புதியவை பிறக்கின்றன. பெரியவர்களிடம் மொத்த எண்ணிக்கை மாறுவதே இல்லை என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து இரண்டு ஆண்டு கழித்தும், எடை பெருமளவு இறங்கியும், எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஒவ்வொன்றும் சுருங்கியிருந்தது, அவ்வளவே.

2024-இல் சூரிக்கில் ஃபெர்டினான்ட் ஃபான் மெயன் குழு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பும், இரண்டு ஆண்டு கழித்து எடையில் கால்வாசியாவது இழந்த பின்பும் எடுத்த கொழுப்பை வைத்து, எந்த ஜீன்கள் விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்று பார்த்தார்கள். ஆள் இளைத்திருந்தார், செல்லின் சில ஜீன்கள் மட்டும் பருத்திருந்த நாள்களின் தாளத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தன. எலிகளில் டிஎன்ஏவைச் சுற்றியுள்ள புரதங்களின் மேலேயே அந்த அடையாளம் பதிந்திருந்தது. ஒரு முறை பருத்து இளைத்த எலிக்கு மறுபடி கொழுப்புணவு கொடுத்தால், முன்பு பருக்காத எலியைவிட அது வேகமாக எடை போட்டது. எதிர்ப்புச் செல்களும் இதற்கு விலக்கில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், பருத்து இளைத்த எலிகளின் மேக்ரோஃபேஜ்கள் எடை போன பிறகும் சட்டென்று மூண்டுவிடும் குணத்தை வைத்திருந்தன. கண்ணின் விழித்திரைக்குப் பின்னால் அவை செய்த சேதம் வயதானவர்களுக்கு வந்து பார்வையைக் கெடுக்கும் மாகுலர் சிதைவை ஒத்திருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து அதே ஆளிடமிருந்து எடுத்த பட்டாணி அளவுக் கொழுப்பை மறுபடி சீவி, சாயமேற்றிப் பார்த்தால் குமிழ்கள் சிறுத்து, நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கியிருக்கும். கிரீட வளையத்தைத் தேடி ஸ்லைடை மூலைக்கு மூலை நகர்த்த வேண்டியிருக்கும். விளிம்பில் கோடு போல ஒட்டிக்கிடக்கும் கருவுக்குள் பழைய அடையாளம் இன்னும் இருக்கிறது. அந்தச் சாயத்தில் அது தெரியாது.